கோஸ்ட்வாட்ச்: பிரிட்டன் ஒரே ஒரு முறை பார்த்த பேய் நாடகம்

1992 அக்டோபர் 31, சனிக்கிழமை, ஹாலோவீன் இரவு 9.25 மணிக்கு பிபிசியின் முதல் அலைவரிசை ‘கோஸ்ட்வாட்ச்’ என்ற நாடகத்தை ஒளிபரப்பியது. பேய் நடமாடும் வீடு ஒன்றிலிருந்து நேரலையாக வருவதுபோல் எடுக்கப்பட்ட, ஒன்றரை மணி நேரத் தொலைக்காட்சி நாடகம் அது. ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் பேர் அதைப் பார்த்தார்கள். நாடகம் என்று தெரிந்தே பார்த்தவர்கள் பலர். நடப்பது நிஜம் என்று நம்பிப் பார்த்தவர்களும் பலர். முதலில் நம்பாமல் சிரித்துக்கொண்டிருந்து, பாதியில் சந்தேகம் வந்து, முடிவில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களும் உண்டு. அந்த ஓர் இரவுக்குப் பிறகு பிரிட்டனின் தொலைக்காட்சி எதிலும் அது மறுபடி ஒளிபரப்பாகவில்லை. அதன் வரலாற்றில் பாதி அதை எடுத்தவர்களுடையது. மீதி, அதைப் பார்த்துப் பயந்தவர்களுடையது. இந்த இரண்டாவது பாதிதான் முப்பது ஆண்டுகளைக் கடந்தும் நீள்கிறது.

பேய்க்கதை பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்குப் புதிதல்ல. குளிர்காலத்தில், குறிப்பாகக் கிறிஸ்துமஸ் இரவுகளில், கணப்படுப்பைச் சுற்றி உட்கார்ந்து பேய்க்கதை கேட்பது அந்நாட்டின் பழைய வழக்கம். தொலைக்காட்சி வந்ததும் வழக்கம் அதற்குள் குடியேறியது. 1971 முதல் 1978 வரை ஆண்டுதோறும் கிறிஸ்துமஸை ஒட்டி பிபிசி ஒரு பேய் நாடகத்தைக் காட்டியது. 1972 கிறிஸ்துமஸ் அன்று நைஜல் நீல் எழுதிய ‘தி ஸ்டோன் டேப்’ வந்தது. ஒரு மின்னணு ஆய்வுக்குழு பழைய மாளிகையில் ஆவியைக் கருவிகளால் அளக்க முயலும் கதை அது. கருவிகளும் ஆவிகளும் ஒரே அறையில் இருக்க முடியும் என்பதை அந்த நாடகம் காட்டிவிட்டது. இவையெல்லாம் பார்வையாளரைப் பயமுறுத்தின. ஆனால், தான் பார்ப்பது கதை என்பதில் யாருக்கும் ஐயம் எழவில்லை.

ஐயத்தை எழுப்பும் வழி வானொலியிலிருந்து வந்தது. 1926 ஜனவரி 16 அன்று, ரோமன் கத்தோலிக்கப் பாதிரியாரும் துப்பறியும் கதை எழுத்தாளருமான ரொனால்ட் நாக்ஸ், லண்டனில் கலவரம் மூண்டுவிட்டதாகச் செய்தி வாசிப்பதுபோல் பிபிசி வானொலியில் ஒரு நையாண்டி நிகழ்ச்சி நடத்தினார். பிக் பென் கோபுரம் தகர்க்கப்பட்டது என்றும், அமைச்சர் ஒருவர் தெருவிலேயே தூக்கிலிடப்பட்டார் என்றும் ‘செய்தி’ வந்தது. கடும் பனியால் மறுநாள் நாளிதழ்கள் பல ஊர்களுக்குப் போய்ச்சேராததால், பதற்றம் உடனே தணியவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1938 அக்டோபர் 30 அன்று அமெரிக்க வானொலியில் ஆர்சன் வெல்ஸ் ‘உலகங்களின் போர்’ நாடகத்தைச் செய்தி அறிவிப்புகளாகவே நடத்தியது எல்லோரும் அறிந்த கதை. நாடெங்கும் பீதி பரவியதாக அன்றைய அமெரிக்க நாளிதழ்கள் எழுதியதில் மிகை அதிகம் என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் ஒன்று உறுதியாயிற்று: செய்தியின் குரலில் சொல்லப்படும் கதைக்கு, கதையின் குரலில் சொல்லப்படுவதைவிட வலிமை அதிகம்.

‘கோஸ்ட்வாட்ச்’ கதையின் கரு லண்டனின் வடக்கே உள்ள என்ஃபீல்டிலிருந்து வந்தது. 1977 முதல் 1979 வரை அங்கே ஒரு நகராட்சிக் குடியிருப்பில், தனியாகப் பிள்ளைகளை வளர்த்துவந்த ஒரு தாயின் வீட்டில் சுவர்கள் தட்டப்படுவதாகவும், நாற்காலிகள் நகர்வதாகவும், பொம்மைகள் பறப்பதாகவும் செய்தி பரவியது. ‘டெய்லி மிரர்’ நாளிதழ் அதைப் பெரிதாக வெளியிட்டது. ஆவியுலக ஆய்வுச் சங்கத்தைச் சேர்ந்த மாரிஸ் கிராஸ், கை லயன் பிளேஃபேர் இருவரும் மாதக்கணக்கில் அந்த வீட்டுக்குப் போய்வந்து குறிப்பெடுத்தார்கள். சிறுமி ஒருத்தியின் வாயிலிருந்து வயதான ஆணின் கரகரத்த குரல் வந்தது என்பதுதான் அந்த வழக்கிலேயே பேர்பெற்ற பகுதி. பிள்ளைகள் சில நிகழ்வுகளைத் தாங்களே செய்ததாக ஒப்புக்கொண்டார்கள். இதனால் வழக்கு முழுவதும் பொய் என்றது ஒரு தரப்பு; சில பொய்யானால் எல்லாமே பொய்யாகிவிடுமா என்றது மறுதரப்பு. தீராத இந்தச் சிக்கலை எழுத்தாளர் ஸ்டீபன் வோல்க் அப்படியே தன் நாடகத்தின் நடுவில் வைத்தார்.

வோல்க் 1986இல் வெளிவந்த கென் ரஸ்ஸலின் ‘காத்திக்’ படத்துக்குத் திரைக்கதை எழுதியவர். ‘கோஸ்ட்வாட்ச்’ நாடகத்தை முதலில் அவர் ஆறு பகுதிகள் கொண்ட தொடராகத்தான் திட்டமிட்டார். ஒரு தொலைக்காட்சிச் செய்தியாளரும் ஆவியுலக ஆய்வாளரும் சேர்ந்து ஒரு வீட்டில் நடப்பவற்றை ஆராய்வார்கள். ஆறாவது பகுதியில் அந்த வீட்டிலிருந்து நேரலை நடக்கும். அதில் எல்லாம் கைமீறிப் போகும். ஆறு பகுதிகளுக்கு பிபிசியில் அனுமதி கிடைப்பது கடினம் என்று கருதிய தயாரிப்பாளர் ரூத் பாம்கார்ட்டன், ஒன்றரை மணி நேரத் தனி நாடகமாக்கலாம் என்றார். அதற்கு வோல்க் கண்ட வழி துணிச்சலானது. ஐந்து பகுதிகளை விட்டுவிட்டு, ஆறாவதை மட்டும், நேரலையின் வடிவத்திலேயே எழுதினார். லெஸ்லி மேனிங் அதை இயக்கினார்.

அன்றைய தொலைக்காட்சி இந்த வடிவத்துக்குத் தோதாக இருந்தது. 1984 முதல் வந்துகொண்டிருந்த ‘கிரைம்வாட்ச்’ நிகழ்ச்சியில், தீர்க்கப்படாத குற்றங்களை நடித்துக் காட்டி, துப்புத் தருமாறு நேயர்களிடம் கேட்பார்கள். தொகுப்பாளருக்குப் பின்னால் தொலைபேசிகளோடு ஆள்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நடித்த காட்சியும் நிஜ வேண்டுகோளும் ஒரே நிகழ்ச்சியில் அடுத்தடுத்து வருவது நேயர்களுக்குப் பழகிப்போயிருந்தது. 1991 வளைகுடாப் போரின்போது வான்தாக்குதலையே வீட்டிலிருந்தபடி நேரலையில் பார்த்திருந்தார்கள். ‘கோஸ்ட்வாட்ச்’ என்ற பெயரே ‘கிரைம்வாட்ச்’ போன்ற நிகழ்ச்சிகளின் சாயலில் வைக்கப்பட்டது. நாட்டில் அப்போது தரைவழி அலைவரிசைகள் நான்குதான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு சனிக்கிழமை இரவில் 1 கோடிக்கும் மேற்பட்டோர் ஒரே நாடகத்தின் முன் உட்கார்ந்ததில் வியப்பில்லை.

நடிகர்களைவிட, தாங்களாகவே தோன்றியவர்களைத் தேர்ந்தெடுத்ததில்தான் தயாரிப்புக் குழுவின் கூர்மை தெரிகிறது. அரங்கில் உட்கார்ந்து நிகழ்ச்சியை நடத்துபவர் மைக்கேல் பார்கின்சன். 1971 முதல் பதினோரு ஆண்டுகள் பேட்டி நிகழ்ச்சி நடத்தி, நாட்டின் மதிப்புக்குரிய முகங்களில் ஒன்றாகிவிட்டவர். தொலைபேசி மேசையில் தொகுப்பாளர் மைக் ஸ்மித். பேய் வீட்டுக்குள் ஒளிப்பதிவுக் குழுவோடு போகிறவர் சாரா கிரீன். இவர் மைக் ஸ்மித்தின் மனைவி என்பது நேயர்கள் அறிந்ததே. வெளியே தெருவில் அக்கம்பக்கத்தாரிடம் பேச்சுக்கொடுப்பவர் நகைச்சுவை நடிகர் கிரெய்க் சார்ல்ஸ். நால்வரும் தங்கள் சொந்தப் பெயரிலேயே வந்தார்கள். இவர்களில் சாரா கிரீனின் தேர்வுதான் பின்விளைவுகளுக்கெல்லாம் ஆணிவேர். 1980களின் தொடக்கத்தில் ‘ப்ளூ பீட்டர்’ என்ற சிறுவர் நிகழ்ச்சியை நடத்தியவர் அவர். 1987 முதல் சனிக்கிழமை காலைதோறும் ‘கோயிங் லைவ்!’ என்ற சிறுவர் நேரலையில் தோன்றிவந்தார். ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு அவர் வீட்டு மனுஷியைப் போன்றவர்.

திரையில் காட்டப்பட்ட தொலைபேசி எண்ணும் கற்பனையல்ல. 081 811 8181 என்பது பிபிசி தன் நேரலைகளில் வழக்கமாகப் பயன்படுத்திய எண். சனிக்கிழமை காலை நிகழ்ச்சியால் பிள்ளைகள் மனப்பாடமாக அறிந்திருந்த எண். அதற்கு அழைப்பவர்களுக்கு, இது கற்பனை நாடகம் என்ற பதில் முதலில் கிடைக்கும். விரும்பினால் தங்கள் சொந்த அமானுஷ்ய அனுபவத்தைச் சொல்லலாம். ஏமாற்று எல்லை மீறாமல் காக்கும் மதகாக இந்த ஏற்பாடு எண்ணப்பட்டது.

நாடகம் ஒளிபரப்புக்கு வெகு முன்பே பதிவு செய்யப்பட்டு முடிந்திருந்தது. திரைப்படச் சுருளில் எடுக்காமல் வீடியோவில் எடுத்ததால், படத்தின் தன்மையே செய்தி நேரலையைப் போல் இருந்தது. வீட்டில் இருக்கும் நாய், பூனைகளுக்கு மட்டும் கேட்கும் உயர் அதிர்வெண் ஒலியை ஒலித்தடத்தில் சேர்த்து, அவை திடீரென்று நிலைகொள்ளாமல் தவிக்கும்படி செய்யலாமா என்றுகூட வோல்க் யோசித்திருக்கிறார். தொழில்நுட்பம் அதற்கு இடம் தரவில்லை. ஒளிபரப்பு நாள் நெருங்க நெருங்க பிபிசி மேலிடத்துக்குக் கலக்கம் வந்தது. நாடகத்தை நிறுத்திவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. கடைசியில், ‘ஸ்கிரீன் ஒன்’ என்ற பிபிசி தனிநாடக வரிசையின் முகப்பும் எழுத்தாளர் பெயரும் தொடக்கத்தில் காட்டப்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. ‘ரேடியோ டைம்ஸ்’ வார இதழ் நிகழ்ச்சி நிரலில் நடிகர் பட்டியலையும் அச்சிட்டது. அறிவிக்க வேண்டியதை அறிவித்தாயிற்று என்று நிறுவனம் எண்ணியது. முகப்பைத் தவறவிட்டு ஐந்து நிமிடம் தாமதமாகத் தொலைக்காட்சி முன் வந்து உட்கார்ந்தவருக்கு அந்த அறிவிப்பு எட்டவே இல்லை.

கதை வடமேற்கு லண்டனில் நார்த்தோல்ட் பகுதியில், ஃபாக்ஸ்ஹில் டிரைவ் என்ற தெருவில் நடக்கிறது. அங்கே பமேலா எர்லி என்ற தாயும் சூசன், கிம் என்ற இரு மகள்களும் வசிக்கிறார்கள். சுவருக்குள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்கும்போதெல்லாம், தண்ணீர்க் குழாய்கள்தான் அதிர்கின்றன என்று தாய் பிள்ளைகளைத் தேற்றியிருக்கிறாள். அதனால் பிள்ளைகள் அந்த ஆவிக்குப் ‘பைப்ஸ்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அரங்கில் பார்கின்சன் அருகே ஆவியுலக ஆய்வாளர் டாக்டர் லின் பாஸ்கோ (நடிகை ஜில்லியன் பெவன்) உட்கார்ந்திருக்கிறார். நியூயார்க்கிலிருந்து செயற்கைக்கோள் வழியே ஒரு பகுத்தறிவாளர் மறுத்துப் பேசுகிறார். முதல் அரை மணி நேரம் வேண்டுமென்றே மந்தமாக நகர்கிறது. கிரெய்க் சார்ல்ஸ் அலமாரிக்குள்ளிருந்து குதித்துச் சாரா கிரீனைப் பயமுறுத்தி விளையாடுகிறார். நேரலைகளுக்கே உரிய அசட்டுத்தனமும் காத்திருப்பும் தடுமாற்றமும் அச்சு அசலாக வருகின்றன. பயமுறுத்த அவசரப்படாத இந்தப் பொறுமைதான் நாடகத்தின் மிகப் பெரிய கலைத்திறன்.

பிறகு மூத்த மகள் சூசன், தானே சுவரைத் தட்டிச் சத்தம் எழுப்பியது கேமராவில் பிடிபடுகிறது. எல்லாம் பொய் என்று பார்கின்சன் முடிவுகட்டுகிறார். பார்வையாளரும் நிம்மதியடைகிறார். என்ஃபீல்டின் சிக்கல் இங்கே அப்படியே வருகிறது: பொய் அம்பலமான பிறகுதான் உண்மையான கொடுமைகள் தொடங்குகின்றன. சிறுமியின் முகத்தில் கீறல்கள் தோன்றுகின்றன. அவள் தொண்டையிலிருந்து வேறொருவரின் குரல் வருகிறது. அரங்குக்குத் தொலைபேசியில் பேசுவோரின் தகவல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஆவியின் பூர்வக் கதையைக் கட்டுகின்றன. அந்த வீட்டில் முன்பு தங்கி உயிரை மாய்த்துக்கொண்ட மனநோயாளி ஒருவன். அவனைப் பிடித்தாட்டியதாகச் சொல்லப்படும், குழந்தைகளைக் கொன்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெண் ஒருத்தி. ஒன்றின் அடியில் இன்னொன்றாக இருள் இறங்கிக்கொண்டே போகிறது.

வீட்டுக்குள் ஒலிப்பதிவாளர் அடிபட்டு விழுந்ததும் படம் அறுபடுகிறது. மீண்டும் வரும்போது வீட்டில் எல்லோரும் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்கள். சற்று நேரம் கழித்துத்தான் பாஸ்கோ கவனிக்கிறார்: முன்பே கீழே விழுந்த படம் சுவரில் மறுபடி மாட்டியிருக்கிறது. அதாவது, அரங்கம் பார்த்துக்கொண்டிருப்பது நேரலை அல்ல, அதே மாலையில் முன்பு எடுத்த காட்சி. அலைவரிசையையே ஆவி கைப்பற்றிவிட்டது. இத்தனை லட்சம் பேர் ஒரே நேரத்தில் ஒரே வீட்டின் மேல் மனத்தைக் குவித்ததால், நாடு முழுவதையும் சேர்த்து ஒரு மாபெரும் ஆவியழைப்புக் கூட்டம் நடத்திவிட்டோம் என்று அவர் சொல்லும் இடம் நாடகத்தின் உச்சம். பார்வையாளரையே குற்றத்தில் பங்காளியாக்கும் வசனம் அது. சாரா கிரீன் சிறுமியைத் தேடி மாடிப்படிக்குக் கீழே உள்ள சாமான் அறைக்குள் போகிறார், கதவு மூடிக்கொள்கிறது. அரங்கில் காற்று வீசுகிறது, விளக்குகள் வெடிக்கின்றன, எல்லோரும் ஓடுகிறார்கள். ஆளில்லாத அரங்கில் தனியாக நிற்கும் பார்கின்சன், ஆவியின் குரலில் குழந்தைப் பாட்டு சொல்வதோடு நாடகம் முடிகிறது.

ஆவியின் உருவத்தைக் காட்டிய விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கீத் ஃபெராரி நடித்த பைப்ஸ், கறுப்பு அங்கியணிந்து, ஒரு கண் சிதைந்து, வழுக்கைத் தலையோடு, கண் இமைக்கும் நேரமே பல இடங்களில் தோன்றி மறையும்: கண்ணாடியின் பிரதிபலிப்பில், தெருவில் கூடிய கூட்டத்தின் நடுவில், அறையின் மூலையில். யாரும் அதைச் சுட்டிக்காட்டுவதில்லை. இதைவிட நுட்பமானது படுக்கையறைக் காட்சி. பிள்ளைகளின் அறையில் முன்பு எடுத்த வீடியோவில் திரைச்சீலையோரம் ஓர் உருவம் தெரிந்ததாக நேயர்கள் அழைத்துச் சொல்ல, அரங்கில் அதைத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள். ஒருமுறை ஏதோ தெரிகிறது. மறுமுறை அதே இடத்தில் தெரிவதில்லை. உண்மையில் அவை, வேண்டுமென்றே மாறுபடும்படி செய்யப்பட்ட காட்சிகள். தன் கண்ணையே நம்ப முடியாத நிலைக்கு நேயர் தள்ளப்பட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் ‘நீ பார்த்தாயா?’ என்று கேட்காமல் இருக்க முடியாதபடி செய்தது இந்த உத்தி.

நாடகம் ஓடிக்கொண்டிருந்தபோதே ஆயிரக்கணக்கானோர் திரையில் கண்ட எண்ணுக்கு அழைத்தார்கள். இணைப்புகள் நெரிசலில் அடைபட்டன. ‘இது கற்பனை’ என்ற பதில் போய்ச்சேர வேண்டியவர்களில் பலருக்குக் கிடைத்தது வெறும் ‘பிஸி’ ஒலிதான். உண்மை நேரலைக்குத்தான் இத்தனை பேர் அழைப்பார்கள் என்று அது அவர்களை இன்னும் உறுதியாக நம்பவைத்தது. காப்பதற்கு வைத்த ஏற்பாடே பயத்தைப் பெருக்கிவிட்டது. பிபிசியின் பொது எண்களுக்கும் அழைப்புகள் குவிந்தன. அழைத்தவர்களின் உணர்ச்சி ஒரே மாதிரியாக இருக்கவில்லை. சாரா கிரீன் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். பிள்ளைகள் தூங்க மறுக்கிறார்கள் என்று சீறிய பெற்றோர் இருந்தார்கள். தாங்கள் ஏமாந்துபோனதற்காகவே கோபப்பட்டவர்களும், இதுபோல் ஒன்றைப் பார்த்ததே இல்லை என்று பாராட்டியவர்களும் இருந்தார்கள்.

அடுத்த நாள்களில் நாளிதழ்கள் பிபிசியைக் கடுமையாகச் சாடின. சாரா கிரீன் சிறுவர் நிகழ்ச்சியில் தோன்றி, தான் நலமாக இருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியதாயிற்று. நேயர் கருத்துகளுக்கான பிபிசி நிகழ்ச்சியில் தயாரிப்புத் தரப்பினர் பார்வையாளர்களின் கேள்விகளுக்கு நேருக்கு நேர் பதில் சொன்னார்கள். அங்கே வெளிப்பட்ட கோபத்தில் ஒரு பொதுத்தன்மை இருந்தது: பேய் பயமுறுத்தியது என்று எவரும் குறைப்படவில்லை, நம்பிய முகங்கள் தங்களைப் பயமுறுத்தின என்பதே குறை. செய்தியும் சிறுவர் நிகழ்ச்சியும் அவசர அறிவிப்பும் வரும் அதே அலைவரிசை, அதே மனிதர்களைக் கொண்டு பொய் சொல்லலாமா என்ற கேள்வி நியாயமானது. கலைக்குத் துணிச்சல் வேண்டும் என்ற பதிலும் நியாயமானதே. ஆனால் பயந்தழுத பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தப் பதில் போதாது.

விவகாரம் நாளிதழ்களோடு முடியவில்லை. ஒளிபரப்பான சில நாள்களில் ஓர் இளைஞர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். கற்றல் குறைபாடு உடைய அவரை அந்த நாடகம் ஆழமாகப் பாதித்திருந்தது என்று பெற்றோர் கூறினர். அவர்களது முறையீட்டை விசாரிக்க முதலில் மறுத்த ஒளிபரப்புத் தர மன்றம், அவர்கள் நீதிமன்றத்தை நாடிய பிறகு, மற்ற நேயர்களின் புகார்களோடு சேர்த்து அதை எடுத்துக்கொண்டது. 1995இல் தீர்ப்பு பிபிசிக்கு எதிராக வந்தது. பார்வையாளரிடம் செய்யும் ஏமாற்றைக் குறிப்பாக உணர்த்தினால் மட்டும் போதாது, அதற்கு மேலும் செய்யும் கடமை நிறுவனத்துக்கு இருந்தது என்றும், அச்சுறுத்தும் சூழல் திட்டமிட்டே வளர்க்கப்பட்டது என்றும் மன்றம் கருதியது. பெரியவர்களுக்கான நிகழ்ச்சிகள் இரவு 9 மணிக்குப் பிறகுதான் வர வேண்டும் என்ற விதி மீறப்படவில்லை. ஆனாலும் 9 மணிக்கு மிக அருகில் அது ஒளிபரப்பப்பட்டதையும், சிறுவர் நிகழ்ச்சி முகங்களைக் கண்டு பெற்றோர் அசட்டையாக இருந்துவிட்டதையும் மன்றம் சுட்டிக்காட்டியது.

மருத்துவ உலகும் நாடகத்தின் பாதிப்பைக் கவனித்தது. 1994 பிப்ரவரியில் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’, ‘கோஸ்ட்வாட்ச்’ பார்த்த பின் கடும் அச்சத்துக்கு உள்ளான பத்து வயதுச் சிறுவர்கள் இருவரைப் பற்றிய குறிப்பை வெளியிட்டது. விபத்திலும் போரிலும் சிக்கியவர்களிடம் காணப்படும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு, தொலைக்காட்சி நிகழ்ச்சியால் ஏற்பட்டதாக முதன்முதலில் பதிவான நிகழ்வுகள் இவை. தொடர்ந்து வேறு மருத்துவர்களும் தாங்கள் கண்ட சிறுவர்களைப் பற்றி அவ்விதழுக்கு எழுதினார்கள்.

பிபிசி நாடகத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியது. அடுத்த பத்து ஆண்டுகளில் அது நினைவிலும் வீட்டு வீடியோ கேசட்டுகளிலும் மட்டுமே வாழ்ந்தது. அன்றிரவு பதிவு செய்துவைத்தவர்கள் பிறருக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தார்கள்; பிரதியின் பிரதியில் படம் மங்கியது. ஏற்கெனவே கண் இமைக்கும் நேரமே தெரிந்த பைப்ஸ், மங்கிய நாடாக்களில் எங்கும் இருப்பதாகவும் எங்கும் இல்லாததாகவும் தோன்றியது. கேசட் இல்லாதவர்களுக்கு நினைவு மட்டுமே துணை. நாடகத்தில் இல்லாத காட்சிகளைப் பார்த்ததாகச் சத்தியம் செய்தவர்கள் உண்டு. திரும்பப் போட்டபோது மாறுபட்ட காட்சியைக் கண்ட பிள்ளைகள், வளர்ந்த பின் தங்கள் நினைவையே சந்தேகித்தார்கள். பயந்தவர்கள் ரசிகர்களாக மாறியது இந்த இடைவெளியில்தான். தங்களை அப்படி உலுக்கியது என்ன என்று அறியும் ஆவல்தான் அவர்களை அந்த நாடகத்துக்குத் திரும்பத் திரும்ப அழைத்துவந்தது. பைப்ஸ் எத்தனை இடங்களில் தோன்றுகிறது என்று கணக்கெடுப்பது அவர்களின் விடாத பணியாயிற்று. ஒருவர் கணக்கு மற்றவர் கணக்கோடு ஒத்துப்போனதில்லை.

பத்தாண்டு நிறைவில், 2002இல், பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம் ‘கோஸ்ட்வாட்ச்’ நாடகத்தை வீடியோ கேசட்டாகவும் டிவிடியாகவும் வெளியிட்டது. அன்று பத்து வயதாக இருந்தவர்களுக்கு இப்போது இருபது. நாடகத்தை முதன்முறையாக நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, ஒவ்வொரு சட்டகமாகப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்தது. வோல்க் அதன் தொடர்ச்சியாக ‘31/10’ என்ற சிறுகதையை எழுதி, 2006இல் வந்த தன் தொகுப்பில் சேர்த்தார். 2012இல் ரசிகர் ஒருவரின் பல ஆண்டு உழைப்பில் ‘கோஸ்ட்வாட்ச்: பிஹைண்ட் தி கர்ட்டன்ஸ்’ என்ற ஆவணப்படம் வெளிவந்தது, எழுத்தாளரும் இயக்குநரும் நடித்தவர்களும் அதில் பேசினார்கள். முப்பதாண்டு நிறைவான 2022இல் ப்ளூ-ரே பதிப்பு வந்தது.

ஆண்டுதோறும் ஹாலோவீன் இரவில் சரியாக 9.25 மணிக்கு, ரசிகர்கள் தத்தம் வீடுகளில் ஒரே நேரத்தில் நாடகத்தை ஓட்டிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘தேசிய ஆவியழைப்பு’. எந்த எச்சரிக்கையோடு பாஸ்கோ நாடகத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனாரோ, அதையே திருவிழாவாக்கிக்கொண்டார்கள்.

பின்னால் வந்த படைப்பாளிகள் சிலர் இதே ரசிகர் கூட்டத்திலிருந்துதான் வந்தார்கள். 2018 அக்டோபர் 28 அன்று, பிபிசியின் இரண்டாவது அலைவரிசையில் ‘இன்சைட் நம்பர் 9’ தொடர் ஹாலோவீனுக்காக ஒரு பகுதியை உண்மையிலேயே நேரலையாக நடத்தியது. ஒலி கெட்டுப்போனதுபோல் காட்டி, தடங்கலுக்கு மன்னிப்புக் கேட்டு, பழைய பகுதி ஒன்றை ஓட்டத் தொடங்கியதும், நிஜமான தொழில்நுட்பக் கோளாறு என்று நம்பிப் பார்வையாளர்களில் பலர் சேனலை மாற்றிவிட்டார்கள். தொடரை எழுதி நடித்த ஸ்டீவ் பெம்பர்டன், ரீஸ் ஷியர்ஸ்மித் இருவருக்கும் முன்னோடி எது என்பதில் பிரிட்டிஷ் நேயர்களுக்கு ஐயமே எழவில்லை. 2020இல் ஊரடங்கின்போது, கணினி வழிக் காணொளி அழைப்பில் ஆவியழைக்கும் நண்பர்களைப் பற்றி ராப் சாவேஜ் எடுத்த ‘ஹோஸ்ட்’ படமும் அந்த வழி வந்ததுதான். தன் படத்தின் மேல் ‘கோஸ்ட்வாட்ச்’ செலுத்திய தாக்கத்தை அவர் வெளிப்படையாகவே கூறியிருக்கிறார்.